ஞாயிற்றுக்கிழமைத் தாள்கள்

மணி எட்டு ஏழு. மேகம். கிழக்கு முகட்டின் மேல் நீளமாக ஒன்று படுத்துக் கிடக்கிறது, அது நகர்ந்து சூரியன் தெரிந்தால்தான் வேலை. தாளைப் பலகையில் பொருத்தி நாலு மூலைக்கும் கிளிப் போட்டாயிற்று. பென்சில் சீவியாயிற்று. மேல்மூலையில் தேதி, கிழமை: சனி. அதற்குக் கீழே நோக்கியவர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. இருபத்து நாலு வருடமாக சனிக்கிழமைத் தாளில் அந்தக் கட்டத்தில் 'வ' என்று போட்டு வருகிறேன். என் பெயர் அமலோற்பவம். என் எழுத்து 'அ'. 'வ' என்பது கூட வேலை பார்க்கும் வரதராசு அண்ணன். செவ்வாய், வியாழன், ஞாயிறு என் முறை, மற்ற நாளெல்லாம் அவர் முறை. அவருடைய சனிக்கிழமையை நான் பார்க்கிறேன், என்னுடைய ஞாயிற்றுக்கிழமையை அவர் பார்க்கிறார், எனக்கு மாதா கோயிலில் பூசை, அவருக்குப் பெரியகுளத்தில் பெருமாள். சேர்ந்த புதிதில் பேசிக்கொண்டது. அட்டவணையை மாற்ற மேலிடத்துக்கு எழுத வேண்டும், பதில் வர ஆறு மாதம் ஆகும், அதனால் அவர் நாளில் நான் 'வ' போடுவேன், என் நாளில் அவர் 'அ' போடுவார், யாருக்கு என்ன என்று விட்டுவிட்டோம். யாருக்கு என்ன. நேற்று மாலை ஷகிலா பானு சொன்னதிலிருந்து இந்த இரண்டு வார்த்தை தலைக்குள் பஸ் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பத்து மணிக்கு அந்தப் பெண் தன் அறிக்கையை அனுப்பிவிடுவாள். அதற்குள் நான் ஏதாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 'அ' என்று போட்ட தாள்கள் அத்தனையும் உலகக் கணக்கிலிருந்து நீக்கப்படும். இருபத்து நாலு வருடம். மேகம் அசைவதாக இல்லை.

நல்ல பெண்தான் ஷகிலா, திருநெல்வேலிப் பக்கம், ஆராய்ச்சிக்காக வந்து மூன்று மாதமாகப் பழைய தாள்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள், சாப்பாட்டு டப்பாவில் இருந்து எனக்கு ஒரு கை எடுத்து வைக்காமல் சாப்பிட்டதில்லை. நேற்று மட்டும் டப்பாவைத் திறக்கவில்லை. "மேடம், ஒண்ணு கேக்கலாமா? ஞாயித்துக்கிழமைல மட்டும் ஒரு சின்னப் புள்ளிகூடப் பிறக்கலையே, ஏன்?" எனக்குப் புரியவில்லை. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். சூரியனில் பெரிய புள்ளி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். சின்னது அப்படி இல்லை, காலையில் முளைத்து மாலையில் போய்விடும், மாவுச் சல்லடையின் கண் அளவு கருப்பு, அவ்வளவுதான் அதன் ஆயுள். திங்களில் அப்படிப்பட்டவை இருக்கின்றன, செவ்வாயில் இருக்கின்றன, சனியில் நிறைய இருக்கின்றன. ஞாயிற்றில் மட்டும் இருபது வருடத்துக்கும் மேலாக ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தாளில் இருப்பதெல்லாம் சனிக்கிழமையும் இருந்து திங்கட்கிழமையும் இருந்தவை. அவையும் இரண்டு நாளுக்கும் சரி நடுவில், ஸ்கேல் வைத்த மாதிரி. சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது, புள்ளியும் கூடவே ஒரு நாளைக்குப் பதின்மூன்று பாகை நகரும், சனித் தாளையும் திங்கள் தாளையும் பக்கத்தில் வைத்தால் ஞாயிறு எங்கே இருந்திருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம். "யாரோ பாக்காமலே வரைஞ்சிருக்காங்க மேடம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். கட்டத்தில் 'அ' இருந்தது. அவள் 'யாரோ' என்று சொன்னது மரியாதைக்காக.

மேகத்தின் ஓரம் வெளுக்கிறது. தாளில் வட்டம் தெரிந்து மறைந்தது. தொலைநோக்கியின் பின்வாயிலிருந்து வரும் வெளிச்சம் இந்த வெள்ளைத் தாளில் இருபது சென்டிமீட்டர் வட்டமாக விழும், அதில் கருப்பு எங்கே இருக்கிறதோ அங்கே பென்சிலை வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் உத்தியோகம். செயற்கைக்கோள் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு என்று சுற்றுலா வருகிறவர்கள் கேட்பார்கள். நானூறு வருடமாகக் கண்ணும் கையும் வைத்து எண்ணி வருகிறார்கள், அந்தப் பழைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட வேண்டுமானால் இன்றும் அதே மாதிரி எண்ண வேண்டும் என்று சொல்வேன். அவர்கள் தலையாட்டிவிட்டு ஏரி எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். சூரியன் கெட்டியான பந்து இல்லை. நடுவயிறு வேகமாகச் சுற்றும், தலையும் காலும் மெதுவாகச் சுற்றும், நடுவுக்கு இருபத்தைந்து நாள், ஓரத்துக்கு முப்பத்து நாலு. அதனால் உள்ளே ஓடும் காந்தப் புலம் முறுக்கிக்கொள்ளும். துணி காயப்போடும் நைலான் கயிற்றை ஒரு முனையில் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் தாங்காமல் எங்கோ ஓரிடத்தில் துள்ளி வளையமாக மேலே கிளம்பும். அப்படிக் கிளம்பும் வளையம் சூரியனின் மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் இடம் ஒரு புள்ளி, திரும்ப உள்ளே இறங்கும் இடம் இன்னொரு புள்ளி. அதனால்தான் பெரும்பாலும் ஜோடியாக வருகின்றன, ஒன்று முன்னால், ஒன்று பின்னால், காந்தத்தில் ஒன்று வடக்கு முனை, ஒன்று தெற்கு முனை. அந்த இடத்தில் அடியிலிருந்து கொதித்து மேலே வரும் சூட்டைக் காந்தம் வரவிடாது. சுற்றி ஐயாயிரத்து ஐந்நூறு டிகிரி, அங்கே நாலாயிரம். நாலாயிரம் டிகிரி இருட்டா? புள்ளியை மட்டும் தனியாக வெட்டி எடுத்து ராத்திரி வானத்தில் வைத்தால் முழுநிலவைவிட வெளிச்சமாக இருக்கும். பக்கத்தில் இருப்பது அதைவிடப் பிரகாசம் என்பதால்தான் கருப்பாகத் தெரிகிறது. அண்ணனைப் பற்றியும் இப்படி எதையாவது சொல்லிக்கொள்ள ராத்திரியெல்லாம் முயன்றேன். நல்ல மனிதர்தான், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், என்று. வரவில்லை.

முறுக்கு அதிகமானால் அறுந்துபோகும், அறுந்தால் வெடிக்கும். வெடித்த வெளிச்சம் எட்டு நிமிடத்தில் இங்கே வந்து கப்பல்களின் ரேடியோவை ஊமையாக்கும், பின்னாலேயே ஒன்றிரண்டு நாளில் நெருப்புக் குழம்பு வந்து செயற்கைக்கோளைக் கெடுக்கும், மின்கம்பியில் வேண்டாத மின்சாரத்தை ஏற்றி ஊரையே இருட்டாக்கும். அதற்குத்தான் எந்தப் புள்ளி எப்போது முளைத்தது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று குறித்து வைப்பது. நூறு வருடம் கழித்து ஒருவன் இந்தத் தேதியில் சூரியன் எப்படி இருந்தது என்று கேட்டால் அவனுக்கு இந்தத் தாள்தான் சூரியன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குக் கிடைப்பது வரதராசு அண்ணனின் திங்கட்கிழமை யோசனை. வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் பெரியகுளம் இறங்குவார். சனிக்கிழமை ராத்திரி ஏறிவிடுவேன் என்பதுதான் பேச்சு. எத்தனை வாரம் ஏறினாரோ. வாட்ச்மேன் சடையாண்டியை நேற்று கேட்டேன், "ஞாயித்துக்கிழமை காலைல அண்ணன் எத்தனை மணிக்கு வருவாரு?" அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியும்னுல்லம்மா நெனச்சோம்." நெனச்சோம். அவன் ஒருவன் இல்லை, ஒரு கூட்டம். பூசையில் பிரசங்கம் நீளும்போது ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பேன், மேகம் இல்லாமல் இருக்கட்டும், அண்ணன் வரையட்டும் என்று. ஆண்டவரே என்று ஆரம்பித்து அதையும் ஒரு வேண்டுதலாகவே சேர்த்திருக்கிறேன். எட்டரைக்குக் கோயிலை விட்டு வெளியே வந்தால் மேலே தொலைநோக்கியின் கூண்டு மூடியிருப்பது தெரியும். அதற்குள் முடித்துவிட்டார், என்ன வேகமான கை என்று நினைப்பேன். என்ன வேகமான கை.

வட்டம் விழுந்துவிட்டது. எட்டு இருபத்தொன்று. காற்று அசையவில்லை, ஓரம் கொதிக்காமல் நிற்கிறது, தெளிவு ஐந்துக்கு நாலு என்று போடலாம். முதலில் பெரிய கூட்டம், வடபாதியில், முன்புள்ளி அகலமாக, நடுவில் கருமை, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் இழை இழையாக. பென்சிலை அழுத்தாமல் சாம்பலின் வெளிக்கோடு, பிறகு அழுத்திக் கருமை. பின்புள்ளி மூன்று துண்டாக உடைந்திருக்கிறது. எண்ணும் முறை எளிது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. ஆனால் ஒரே சூரியனை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வரும், அதனால் உலகக் கணக்கை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு திருத்தம் வைத்திருக்கிறார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. 'வ' சரியாக இருக்கிறார், 'அ' தொடர்ந்து குறைவாக எண்ணுகிறார், பார்வையைச் சோதிக்கவும். ஒரே ஒரு வரி. எனக்கு ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது, கேட்கவும் செய்தேன். "அண்ணே, 'அ'ன்னா அதுல ஞாயித்துக்கிழமை உங்களோடதும் இருக்கே." அவர் சிரித்தார். "என் கண்ணுதானத்தா திங்கக்கிழமையும் பாக்குது, புதங்கிழமையும் பாக்குது? அதுக்குக் குறை சொல்லலையே." எவ்வளவு சுலபமாக இருந்தது. நான்தான் என்று ஆகிவிட்டது. லீவு போட்டு என்னை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவர். மருந்து விட்டுக் கண் மங்கியிருந்தபோது கையைப் பிடித்துப் படி இறக்கினார். டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றார். "டாக்டருக்கு என்ன தெரியும், போர்டுல எழுத்து வாசிக்கிறதும் சூரியனைப் பாக்குறதும் ஒண்ணா" என்றார் அண்ணன், ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துக்கொண்டே. 'அ' பேரில் மூன்றில் ஒரு நாள் பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கையைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு நான் செய்தது இருக்கிறதே, அதை ஷகிலாவிடம்கூடச் சொல்லவில்லை. குறைவாக எண்ணுகிறேன் என்றார்கள் அல்லவா, அதனால் செவ்வாய் வியாழனில் தெரிகிறதா தெரியவில்லையா என்று இருப்பவற்றையும் வைக்க ஆரம்பித்தேன். உற்று உற்றுப் பார்த்தால் வெள்ளைத் தாளே புள்ளி காட்டும். கண்ணில் நீர் வரும் வரை பார்த்துவிட்டு இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இருந்தனவா? பயத்தில் வரைந்தேனா? சூரியனின் புள்ளிகள் கூடிக் குறைந்து மறுபடி கூட ஏறக்குறைய பதினோரு வருடம் ஆகும், அப்படி ஒரு முழுச் சுற்று என் கண்ணை நான் நம்பவில்லை. அவர் பார்க்காமல் வரைந்தார். நான் பார்த்துக்கொண்டே, பார்த்தேனா என்று தெரியாமல் வரைந்தேன். சுத்தமாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், சனிக்கிழமை. சனிக்கிழமை 'வ' ஆயிற்றே, அந்தப் பேருக்குக் குறை சொல்லவில்லையே, அதனால் பயமில்லாமல் கண்ணுக்குப் பட்டதை மட்டும் வைத்தேன். வேறொருவர் பேரில்தான் நான் ஒழுங்காக வேலை செய்திருக்கிறேன்.

படியில் காலடி. இந்த நடை எனக்குத் தெரியும், இடது கால் கொஞ்சம் இழுக்கும். சனிக்கிழமை அவர் மலையில் இருந்ததே இல்லை, முதல் பஸ் பிடித்து வந்திருக்க வேண்டும். "என்னத்தா, தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பிளாஸ்க்கை ஜன்னல் விளிம்பில் வைத்தார். நான் திரும்பவில்லை. "இன்னைக்குப் பெருமாள் லீவாண்ணே?" என்றேன். "ஏத்தா, கிண்டலா. இஞ்சி தட்டிப் போட்ட டீ, ஆறிரும் குடி." ஊற்றும் சத்தம். "அந்தப் புள்ள ராத்திரி போன் பண்ணுச்சு. என்னோடது சுத்தமா இருக்காம்." ஒரு சின்னச் சிரிப்பு. "அதுல சனிக்கிழமையெல்லாம் நீ போட்டதுதான. நீ நல்லாப் போடுவ." பின்புள்ளியின் மூன்றாவது துண்டைக் கருப்பாக்கினேன். பென்சில் முனை உடையவில்லை, அது எனக்கே ஆச்சரியம். "நான் சொல்றதைக் கேளு. இந்த மாசம் முப்பத்தொண்ணோட நான் ரிட்டயர். விடுபடாத நாள் நம்ம ஸ்டேஷன்லதான் ஜாஸ்தின்னு பட்டயம் குடுத்து மாட்டி வச்சிருக்கான். அதைக் கழட்டுற மாதிரி ஆயிரக்கூடாது. நீ ஒரு வரி எழுதிக் குடுத்துரு, அப்பல்லாம் கண்ணு கோளாறா இருந்துச்சுன்னு. மதுரைல பாத்த சீட்டு இருக்குல்ல? அதை வச்சா போதும், யாரும் உன்னைய ஒண்ணும் கேக்க மாட்டாக. ரெண்டு புள்ளி கூடக் குறைய இருந்தா சூரியனுக்கு என்ன நட்டம்?" அந்தச் சீட்டை ஞாபகம் வைத்திருக்கிறார். "அதுக்குத்தான் அன்னைக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" "அட, அப்படி இல்லத்தா." டீ ஆவி வெளிச்சத்தின் குறுக்கே போகிறது, வட்டத்தின் ஒரு ஓரம் கலங்கித் தெளிகிறது. "கொஞ்சம் தள்ளி வைங்க, சூரியன் ஆடுது" என்றேன். உடனே தள்ளி வைத்தார். பழக்கம்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை அடக்கம். விடிந்ததிலிருந்து மழை, ஒரு நிமிடம்கூட விடவில்லை. குழிக்குள் தண்ணீர் தேங்கி, வாளியில் மொண்டு ஊற்றிவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். அண்ணன் செய்தி கேட்டு முதல் பஸ்ஸில் ஏறி ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டார், கல்லறை வரை எனக்குக் குடை பிடித்து வந்தது அவர்தான், அவர் வலது தோள் முழுக்க நனைந்திருந்தது. கூடப் பிறந்தவன் இப்படிச் செய்வானா என்று என் நாத்தனார் சொன்னாள். நேற்று ஷகிலா போன பிறகு ரேக்கிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடி எடுத்தேன். மழை நாள் என்றால் வரைய வேண்டியதே இல்லை, மேகம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தாளில் சூரியன் இருந்தது. இரண்டு கூட்டம், ஐந்து புள்ளி. நேரம் எட்டு இருபது. தெளிவு மூன்று. நோக்கியவர் 'அ'. எட்டு இருபதுக்கு நான் வீட்டில் என் கணவரின் காலடியில் உட்கார்ந்திருந்தேன், ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு யாரோ பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார்கள். தாளின்படி நான் இங்கே, நல்ல வெயிலில், பென்சிலோடு. ராத்திரியெல்லாம் அதுதான். பதினோரு வருடத்தை நினைத்து அழுகை வரவில்லை, அந்த ஐந்து புள்ளிக்கு வந்தது.

"அன்னைக்கு மழைண்ணே" என்றேன். "என்னைக்கு?" "அவரைப் புதைச்ச அன்னைக்கு." வட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும், கண்ணை எடுத்தால் விட்டுப்போகும். கீழே யாரோ ஜீப்பைக் கிளப்புகிறார்கள். அவர் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "குடை பிடிச்சீங்க" என்றேன். என்னிடம் சொல்வது போல் இல்லை, ஏதோ கணக்குப் புரியாதவர் மாதிரி சொன்னார், "திங்கக்கிழமை எந்திரிச்சு வந்தேன். சனிக்கிழமைத் தாளு பக்கத்துல இருந்துச்சு. கை பாட்டுக்குப் போட்டுருச்சுத்தா." நான் நம்புகிறேன். அதுதான் கஷ்டம். கெடுக்க நினைத்துச் செய்திருந்தால் ஒரு நாளாவது என்னை நினைத்திருப்பார். நினைக்கவே இல்லை. என் கணவரின் அடக்கத்தைக்கூட இரண்டு தாளுக்கு நடுவில் வைத்துச் சராசரி எடுத்திருக்கிறார்.

எட்டு நாற்பத்து மூன்று. தென்பாதியில், நடுக்கோட்டை ஒட்டி, ஏதோ இருக்கிறது. பென்சில் முனையால் தொட்ட மாதிரி. நேற்று அங்கே ஒன்றும் இல்லை. இருக்கிறதா? பயமா? செவ்வாய்க்கிழமையாக இருந்தால் யோசிக்காமல் வைத்துவிட்டு மனசுக்குள் புழுங்கியிருப்பேன். ஒரு வழி இருக்கிறது, சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொண்டது, பயம் வந்த பிறகு செய்வதை விட்டுவிட்டேன், பதில் வேறு மாதிரி வந்தால் என்ன செய்வது என்பதால். தாளைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்க வேண்டும். தாளில் ஒட்டிய தூசி என்றால் தாளோடு போகும். சூரியனில் இருப்பது என்றால் தாள் போனாலும் அது நிற்கும். பலகையின் திருகைத் தளர்த்தி விரல் அகலத்துக்கு இடப்பக்கம் தள்ளினேன். நான் வரைந்த பெரிய கூட்டத்தின் கோடுகள் தாளோடு நகர்ந்தன, வெளிச்சத்தில் இருந்த கூட்டம் நகரவில்லை, தென்பாதியில் இருந்த அந்தச் சின்னதும் நகரவில்லை. மறுபடி வலப்பக்கம். நிற்கிறது. என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. பதினோரு வருடமாக ஒன்றும் இல்லை. தாளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, வட்டத்தோடு வட்டம் சேர்த்துத் திருகை இறுக்கி, அதன் மேல் ஒரு புள்ளி வைத்தேன். புதுக்கூட்டம், அதற்குப் பத்து, புள்ளிக்கு ஒன்று.

கீழே எழுத வேண்டியவை. கூட்டம் இரண்டு. புள்ளி ஐந்து. தெளிவு நாலு. நேரம் எட்டு நாற்பத்தாறு. அண்ணன் பக்கத்தில் வந்து தாளைக் குனிந்து பார்த்தார், உண்மையாகவே பார்த்தார், அந்தச் சின்னதைக் கண்டுபிடித்து, "அட, இது இப்பத்தான் பிறந்திருக்கு" என்றார். குரலில் சந்தோஷம்கூட இருந்தது. நான் கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். இதில் நான் எழுதப்போவதைப் பத்து மணிக்கு முன் ஷகிலாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், இத்தனை சனிக்கிழமையும் யார் பார்த்தது என்று அவள் கேட்பாள், சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் இருபத்து நாலு வருடம் வேறொருவர் பேரில் கையெழுத்துப் போட்டதற்கு என்னையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். செவ்வாய் வியாழனைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவருடைய ஞாயிறோடு என்னுடையவையும் போனாலும் போகும். போகட்டும். 'அ' என்று போடவில்லை, கட்டத்தில் இடம் பத்தாமல் கோட்டுக்கு வெளியே வரும்படி முழுப் பேரையும் எழுதினேன். அமலோற்பவம். "ஏத்தா, இன்னைக்கு சனிக்கிழமை" என்றார் அண்ணன், நான் ஞாபகமறதியாகச் செய்துவிட்டதைப் போல, அன்பாகவே. கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தாளை எடுத்தேன். "ஆமாண்ணே" என்றேன். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூசைக்குப் போகலை. நானே வரேன்."